தெற்காசியாவுக்கு ஒரே விண்வெளிக் கொள்கையா? முதலில் என் டிஷ்ஷை இறக்க விடுங்கள்

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

ஐரோப்பாவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து ஒரே விண்வெளி முகமை நடத்துகின்றன. ஆப்பிரிக்க ஒன்றியமும் இந்த ஏப்ரலில் கெய்ரோவில் தன் முகமையைத் திறந்துவிட்டது. இந்தியா, இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லாம் சேர்ந்து ஒரு பொது விண்வெளிக் கொள்கை வகுக்க என்ன தடை? மனம்தான் தடை என்கிறேன் நான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு 10.40

மனம் தடையில்லை. சுங்கக் கிடங்கு தடை. இங்கே மின்வெட்டு, கைபேசியில் தட்டுகிறேன். மீதி நாளை.

4 ஆகஸ்ட்

ஒரு வரியில் கிண்டல் செய்துவிட்டு ஓடாதீர்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரி.

நான் விஞ்ஞானி இல்லை, அதிகாரியும் இல்லை. இருபத்தோரு ஆண்டுகள் வீசாட் டிஷ், அதாவது செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பி வாங்கும் தட்டு, நிறுத்தியவன். வங்கிக் கிளை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க், உப்பள அலுவலகம் என்று தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களில் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. இடையில் மூன்று ஆண்டுகள் மாலத்தீவில் ஒப்பந்த வேலை. ஒரு தீவில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலடிக் கேபிள் அந்தப் பக்கம் வரவில்லை, ஆகவே டிஷ். 1.8 மீட்டர் தட்டு, இரும்புக் கால், மோடம், கேபிள் சுருள் எல்லாவற்றையும் ஐந்து மரப்பெட்டிகளில் அடைத்துத் தூத்துக்குடியில் தோணி ஏற்றினோம். தோணி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பெட்டி வெளியே வரத்தான் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

கருவியை இறக்க ஓர் அனுமதி. மேலே அலை அனுப்ப ஓர் அனுமதி. எந்த அலைவரிசை என்பதற்கு ஒன்று. நாங்கள் பார்த்து நிறுத்தப்போகும் செயற்கைக்கோள் அந்த நாட்டுக்குள் சேவை தரலாமா என்பதற்கு இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்தான். ஆனால் இந்தியாவில் சோதித்து முத்திரை குத்திய அதே கருவிக்குக் கடல் தாண்டியதும் முத்திரை செல்லாமல் போகிறது. அங்கிருந்து இங்கே கொண்டுவருகிறவனுக்கும் இதே கதை, இன்னும் மோசமாக. இங்கே அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் கைபேசி வைத்திருந்தாலே வழக்குப் போடுவார்கள்.

தினமும் காலையில் துறைமுகத்துக்குப் போவேன். கம்பி வலைக்கு உள்ளே என் பெட்டிகள் தெரியும். வெளியே ஒரு திட்டில் உட்கார்ந்து ரொட்டியும், தேங்காய்த் துருவலில் பிசைந்த மாசியும் தின்றுவிட்டு அறைக்குத் திரும்புவேன். பொது விண்வெளிக் கொள்கை என்றால் மற்றவர்களுக்கு ராக்கெட் நினைவுக்கு வரலாம். எனக்கு அந்தக் கம்பி வலை.

5 ஆகஸ்ட்

"தெற்காசியச் செயற்கைக்கோள் ஏற்கெனவே இருக்கிறதே, அது பொதுக் கொள்கையின் தொடக்கம்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அது தானம். 2014 ஜூன் 30, ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு பி.எஸ்.எல்.வி. கிளம்பிய கையோடு பிரதமர் மோடி விஞ்ஞானிகளிடம், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகளுக்கு ஒரு செயற்கைக்கோள் செய்து பரிசாகக் கொடுப்போம் என்றார். 2017 மே 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. 2,230 கிலோ, கே.யூ. அலைவரிசையில் 12 டிரான்ஸ்பாண்டர்கள் (கீழிருந்து வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்), வானத்தில் அதன் இருக்கை கிழக்குத் தீர்க்கரேகை 48 பாகையில். செயற்கைக்கோளுக்கு மட்டும் 235 கோடி ரூபாய். செலவு முழுவதும் இந்தியாவுடையது, கட்டுப்படுத்தும் நிலையம் கர்நாடகத்து ஹாசனில். சாவி ஒரு வீட்டில் இருந்தால் அதைப் பொதுக் கிணறு என்று சொல்வதில்லை.

இன்னொன்று, அதில் இருப்பது முழுக்க கே.யூ. அலைவரிசை. அடைமழையில் முதலில் செத்துப்போவது அதுதான். பேரிடர்க் காலத்துக்கு என்று சொல்லிவிட்டு, பேரிடரில் படுத்துக்கொள்ளும் அலைவரிசையைக் கொடுத்தால் என்ன செய்வது?

6 ஆகஸ்ட்

மழை விஷயத்தில் நேற்று மிகையாக எழுதிவிட்டேன். தொழிலில் என்னைவிட மூத்த ஒருவர் திருத்தியிருக்கிறார்: தட்டைப் பெரிதாக்கி, அனுப்பும் திறனை மழைக்கென்று ஒதுக்கி வைத்தால் கே.யூ. தாக்குப்பிடிக்கும், செலவுதான் கூடும். ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்ததெல்லாம் காசு மிச்சம்பிடிக்கச் சின்னத் தட்டாக வாங்கிய ஏ.டி.எம்.கள். ஐப்பசி மழையில் அவை பணம் தராமல் நிற்கும்போது திட்டு வாங்குகிறவன் நான்.

6 ஆகஸ்ட், மாலை

அதே தெற்காசியச் செயற்கைக்கோள் பற்றி இன்னொரு திருத்தமும் வந்திருக்கிறது. "பாகிஸ்தான் பொறாமையால் ஒதுங்கியது" என்று வேறொருவர் போட்டதற்கு நான் தலையாட்டியிருந்தேன். அது அவ்வளவு எளிதல்ல. கூட்டாகச் செய்ய இந்தியா முன்வரவில்லை, அப்படியிருக்க சார்க் பெயரில் இதை ஏற்க முடியாது என்பதுதான் பாகிஸ்தான் சொன்ன காரணம். அவர்களிடம் சொந்தச் செயற்கைக்கோள் இருந்ததும் உண்மை. சார்க் என்ற பெயர் போய் "தெற்காசிய" என்று மாறியது அதன் பிறகு.

சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எல்லா மட்டத்திலும் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்பு விவகாரமும் சர்ச்சைக்குரியதும் பேசப்படக் கூடாது. எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டில், எட்டுப் பேரும் தலையசைத்தால்தான் விளக்குப் போடலாம், சண்டைக்குக் காரணமான விஷயத்தை வாயில் எடுக்கக் கூடாது என்றால் இருட்டில்தான் உட்கார வேண்டும். கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்தது. அதற்கு மேல் கூடவில்லை.

9 ஆகஸ்ட்

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், "அண்ணை, நாங்கள் செய்மதி என்று சொல்லுவம், நீங்கள் செயற்கைக்கோள் என்கிறீர்கள். முப்பது கிலோமீட்டர் கடலுக்கே சொல் மாறுது, பிறகென்ன பொதுக் கொள்கை?" என்று கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் செய்மதி நல்ல சொல். ஏழெழுத்தில் நாங்கள் சொல்வதை நான்கெழுத்தில் முடித்துவிடுகிறது. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவரே இன்னொன்றும் நினைவூட்டினார். இலங்கையின் இராவணா-1, நேபாளத்தின் நேபாளிசாட்-1 இரண்டும் 2019 ஏப்ரலில் ஒரே ராக்கெட்டில் போய், விண்வெளி நிலையத்திலிருந்து ஒன்றாக வெளியே விடப்பட்டவை. (இராவணனுக்கு வடநாட்டுத் துணையோடு பயணம்.) இரண்டையும் செய்தது ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில், அந்தந்த நாட்டு மாணவர்கள். அதே வகுப்பறையில்தான் 2017இல் வங்கதேசத்தின் அன்னேஷா, 2018இல் பூடான்-1. நான்கு அண்டை நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாலிடரிங் கம்பி பிடித்திருக்கிறார்கள், கிடாக்கியூஷுவில். டேராடூனில் 1995 முதல் ஐ.நா. சார்ந்த விண்வெளிக் கல்வி மையம் இருந்தும், கையால் ஒரு செய்மதியைச் செய்து பார்க்கும் மேசை நம் பக்கம் போட நமக்கு 2019 வரை ஆயிற்று.

10 ஆகஸ்ட்

ஐரோப்பாவோடு ஒப்பிட்டவருக்கு. அங்கே நாட்டு வருமானத்துக்கு ஏற்பப் பணம் கட்டுகிறார்கள். கட்டிய பணம் ஏறக்குறைய அதே விகிதத்தில் அந்தந்த நாட்டுத் தொழிற்சாலைக்கு வேலையாகத் திரும்பும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று பெரிய கைகள் பல. ஒருவர் முறைத்தால் மற்றவர் தாங்குவார்கள். தெற்காசியாவில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டினால் முக்கால் பங்குக்கு மேல் ஒரே நாடு கட்டும். வேலையும் அங்கேயே திரும்பும். வாக்கும் அப்படியே என்றால் மற்ற ஏழு பேர் எதற்கு? எல்லோருக்கும் சம வாக்கு என்றால் கட்டுகிறவர் எதற்குக் கட்டுவார்?

17 ஆகஸ்ட்

வங்கதேசம் ஏன் தனியே போனது என்ற கேள்வி. இந்தியா தந்த செயற்கைக்கோள் மேலே போய் ஒரு வருடம் முடிந்து ஆறாவது நாள், 2018 மே 11, வங்கபந்து-1 கிளம்பியது. பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பு, அமெரிக்க ராக்கெட், 40 டிரான்ஸ்பாண்டர்கள். இருக்கை மட்டும் வாடகை: 119.1 பாகை கிழக்கு, ரஷ்யாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டர்ஸ்புட்னிக் அமைப்பிடம் 15 ஆண்டுக்கு ஏறக்குறைய 2.8 கோடி டாலர். டாக்காவோ 90 பாகையில் இருக்கிறது. தலைக்கு நேரே இடம் கிடைக்காமல், இந்தோனேசியாவின் தலைக்கு மேல் வாடகைக்குக் குடிபோன கதை இது.

தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும்படி செயற்கைக்கோளை வைக்க, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரே ஒரு வளையம். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று பணக்கார நாடுகள் உட்கார்ந்துவிட்டன. 1976இல் கொலம்பியா, ஈக்வடார், பிரேசில், கென்யா, உகாண்டா, காங்கோ, ஜயர், இந்தோனேசியா எட்டும் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு மேலே உள்ள வளையத் துண்டு எங்கள் சொத்து என்று அறிவித்தன. யாரும் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சல் வீண் போகவில்லை என்பது என் எண்ணம். 1988இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஓர் இருக்கையாவது ஒதுக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இருக்கையைக் கூட்டாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆண்டிஸ் மலை நாடுகள் 67 பாகை மேற்கில் ஓர் இடத்தைச் சேர்ந்து எடுத்தன, சிமோன் பொலிவார் என்று பெயரும் வைத்தன, செயற்கைக்கோள் மட்டும் வரவில்லை. கடைசியில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டு பதிலுக்கு அந்நாடுகளுக்கு அலைவரிசை தருகிறது. வெனிசுவேலா வேறு வழியில் போனது. உருகுவேயின் இருக்கையை வாங்கிக்கொண்டு, திறனில் பத்தில் ஒரு பங்கை உருகுவேக்குக் கொடுத்தது. நிலம் ஒருவருடையது, விதைப்பு இன்னொருவருடையது, வாரம் இவ்வளவு என்று பேசி முடித்த குத்தகை. எனக்கு இந்த இரண்டாவது கணக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் செயற்கைக்கோள் 2020இல் வழிதவறிக் கெட்டது வேறு கதை.

24 ஆகஸ்ட்

ஒரு வாரமாக இதே நினைப்பு. பொதுக் கொள்கை சாத்தியமில்லை என்பதுபோல மேலே எழுதியிருந்தேன். பொய். ஒன்று இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது, நாம் அதைக் கொள்கை என்று கூப்பிடுவதில்லை.

2016 டிசம்பர் 12, சென்னையை அடித்த வர்தா. பெயர் வைத்தது பாகிஸ்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் சாய்த்த கஜா. பெயர் இலங்கை கொடுத்தது. எங்கள் கன்னியாகுமரி மீனவர்களைக் கொண்டுபோன ஒக்கி, வங்கதேசத்துப் பெயர். வடஇந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 2004 முதல் எட்டு நாடுகள் பெயர் கொடுத்தன. 2020இல் பதின்மூன்று நாடுகள், தலைக்குப் பதின்மூன்று பெயர், மொத்தம் 169 என்று புதுப் பட்டியல் வந்தது. புயல் எங்கே உருவானது, எங்கே போகிறது என்று டெல்லி மையம் எல்லோருக்கும் அறிக்கை அனுப்புகிறது. கராச்சிக்கும்தான். எல்லையில் துப்பாக்கி வெடித்த வாரங்களிலும் அந்த அறிக்கை நிற்கவில்லை. அதன் கீழே இருப்பது செயற்கைக்கோள் படம்.

இது ஏன் ஓடுகிறது? என் கணக்கில், யாரும் கொடி ஏற்றாததால். வானிலை ஆட்கள் வானிலை ஆட்களோடு பேசுகிறார்கள். பட்டியலில் நாடுகள் அகர வரிசை. பெயர் வைப்பதில் பாகிஸ்தானுக்கும் மாலத்தீவுக்கும் ஒரே அளவு. காசு யார் போட்டது என்ற பேச்சே இல்லை.

அடுத்த படி இதிலிருந்து கிளைக்கலாம். ஒக்கிக்குப் பிறகு, 2019இல் ஜெமினி என்ற கைக்கடக்கமான கருவி மீனவர்களுக்கு வந்தது. கரையிலிருந்து கைபேசி சிக்னல் எட்டாத ஆழ்கடலில், ககன் என்ற இந்திய வழிகாட்டல் ஏற்பாட்டின் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கிக் காட்டும். அந்த அலை இராமேசுவரத்தில் விழும்போது இலங்கையின் பருத்தித்துறையிலும் விழுகிறது. எல்லைக்கோடு அலைக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துப் படகுக்கும் ஒரு வரி, அந்தப் பக்கத்து மொழியில் அனுப்ப ஓர் உடன்பாடு போதும். யாழ்ப்பாணத்தவர் மகிழலாம், மொழிபெயர்ப்புச் செலவுகூட இல்லை.

25 ஆகஸ்ட்

"கடலில் படகைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் எச்சரிக்கை அனுப்புவார்களா?" என்று ஒரு வரி. நியாயமான வரி. பதில் இல்லை.

2 செப்டம்பர்

குலசேகரன்பட்டினம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் ஊர் உடன்குடி, எனவே இது எனக்குப் பக்கத்துத் தெரு. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சிறு ராக்கெட்டுகளுக்கான தளம்.

ஏன் இங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்குத் தெற்கே நேராக விட்டால் வழியில் இலங்கை. கழன்று விழும் பாகம் அங்கே விழக் கூடாது. எனவே ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் போய், தீவைத் தாண்டிய பிறகு வளைகிறது. வளைவதில் எரிபொருள் போகும், சுமை குறையும். பெரிய ராக்கெட் தாங்கும், சின்னது தாங்காது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்.

பனங்காட்டு ஓரம் நின்று இதை என் மருமகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக இலங்கைக்காக நம் ராக்கெட்டுகள் சுற்றிப் போகின்றன. விழுந்து சேதமானால் அனுப்பிய நாடே முழுப் பொறுப்பு என்று 1972 ஒப்பந்தம் சொல்கிறது, அந்தப் பயமும் உண்டு. காரணம் எதுவானாலும் அண்டை வீட்டுக் கூரையை மதித்து நடந்த நடை அது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்துப் பழவேற்காட்டிலிருந்து ஒரு வாசகர்: "ஏவும் நாளில் எங்களைக் கடலுக்குப் போகாதே என்கிறார்கள், அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு?" அண்டை நாட்டுக் கூரையைப் பார்க்கிற கண் அடுப்படியையும் பார்க்க வேண்டும். எங்கள் கடற்கரையிலும் நாளை இதே கேள்விதான்.

11 செப்டம்பர்

பழைய சரித்திரம் ஒன்று, திசைமாறலுக்கு மன்னிக்கவும். 1962 ஜூன் 7, பாகிஸ்தான் சோன்மியானியிலிருந்து ரெஹ்பர்-1 ஏவியது. 1963 நவம்பர் 21, நாம் தும்பாவிலிருந்து. இரண்டும் அமெரிக்கா கொடுத்த ராக்கெட். இரண்டும் மேலே போய்ச் சோடியம் ஆவியை விட்டு, அந்தி வானில் அது நகர்வதைப் பார்த்து மேல் காற்றை அளந்தவை. அவர்கள்தான் முதலில். பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

28 செப்டம்பர்

இப்போது வீசாட்காரர்களுக்குத் தலைவலிக் காலம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடம் டிஷ்ஷுக்குச் சூரிய இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. மாலத்தீவில் முதலில், இரண்டொரு நாளில் நமக்கு, ஒரு வாரம் கழித்துக் காட்மாண்டுவில். மார்ச்சில் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி வரும். யாருடைய ஒப்புதலும் கேட்காமல் எல்லா அண்டை நாட்டையும் முறைவைத்து அணைக்கிற ஒரே ஏற்பாடு.

5 அக்டோபர்

தானம் என்று ஆகஸ்டில் எழுதியதைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பூடானில் வேலை பார்த்த பழைய சகா நேற்றுப் பேசினான். 2019 ஆகஸ்டில் திம்புவில் அந்தச் செயற்கைக்கோளுக்கான தரை நிலையம் திறந்தார்கள். அங்கே 48 பாகை இருக்கையைப் பார்க்கத் தட்டை அடிவானத்திலிருந்து 34 பாகைக்குத்தான் தூக்க வேண்டும். அதுவும் தென்மேற்கே. பள்ளத்தாக்கில் அந்தத் திசையில் மலை நின்றால் கதை முடிந்தது. இடம் தேடித் தேடி நிறுத்தியதை அவன் சொல்லச் சொல்ல, கேபிள் எட்டாத மலைக்கிராமத்துக்கு அந்தத் தட்டு என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல. தானத்தை வாங்கியவர்கள் அதோடு நிற்கவும் இல்லை. பூடான் பொறியாளர்கள் பெங்களூரில் பயிற்சி பெற்று, இஸ்ரோவோடு சேர்ந்து செய்த சிறிய செயற்கைக்கோள் 2022 நவம்பர் 26 அன்று பி.எஸ்.எல்.வி.யில் போனது. முதலில் பரிசு, பிறகு பட்டறை. வரிசை தலைகீழாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் சரி.

சாவி பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

6 அக்டோபர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் நீங்கள் எழுதும் கொள்கையின் முதல் பக்கத்தில் என்ன இருக்கும்?" என்கிறார். ஒரு நாட்டில் சோதித்து முத்திரை குத்திய டிஷ் எட்டு நாட்டிலும் செல்லும். புயல், நிலநடுக்கம் என்றால் அந்தக் கருவிகளுக்குச் சுங்கத்தில் காத்திருப்பு இல்லை. இதற்கென்றே தாம்பரே ஒப்பந்தம் 2005 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்தவை, புதிதாக எழுதக்கூட வேண்டாம். அதற்குக் கீழே மீனவர் எச்சரிக்கை. முதல் பக்கம் அதோடு நிறைந்துவிடும். ராக்கெட் ஏழாம் பக்கத்தில் வரட்டும்.

7 அக்டோபர்

அந்தப் பெட்டிகள் என்னவாயின என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் மாலை கிடைத்தன. மறுநாள் விசைப்படகில் தீவுக்கு. தட்டை நிறுத்தி, ஸ்பேனரால் நூல் நூலாகத் திருப்பி, நாற்பது நிமிடத்தில் சிக்னல் பிடித்துவிட்டோம். மோடம் இருந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே வைக்கோலுக்குள் ஒரு பல்லி, உயிரோடு. தூத்துக்குடிக் கிடங்கில் ஏறியிருக்க வேண்டும். தோணிப் பயணம், பன்னிரண்டு நாள் கிடங்கு, எல்லாம் தாண்டி வந்து, ஒரு தாளிலும் பெயர் இல்லாமல் இறங்கி, விடுதிச் சுவரில் ஏறிவிட்டது. எங்கள் உதவியாள் பையன் பஞ்சாங்கத்தில் பல்லிக்குப் பலன் பார்க்க வேண்டும் என்றான். எந்தத் திசை என்று கேட்டேன். டிஷ் பார்த்த திசைதான் அண்ணே என்றான்.